வெள்ளை பூசிக்கொண்ட காக்கை

(படிப்பு வட்டத்துக்கான பாடம்)



கடந்த பாடத்தில் ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று பார்த்தோம். தலை கொஞ்சம் சூடாகிப்போனது என்று பலர் சொன்னீர்கள். ஆகவே இம்முறை ஒரு கதை படிப்போம். கதைதானே, பிள்ளைகளுக்குள்ளது என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது பெரியவர்களுக்கான கதை. அதிலும் பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு லயத்தில் காத்துக்கிடக்கிற தாய் தகப்பன்மாருக்கான கதை.

வழக்கம்போல வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்கட்டும். மற்றவர்கள் கேட்கட்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்திப் பேசுங்கள். அவசரம் வேண்டாம்.

கதை

ஒரு ஊரில் ஒருவர் புறா வளர்த்தார். புறாக்களுக்கென்று தனிக் கூடு. மழைக்கு ஒதுங்க இடம், நேரத்துக்குத் தானியம், குடிக்கத் தண்ணீர், எல்லாம் உண்டு. அதை ஒரு சின்னக் காக்கை பார்த்துக்கொண்டே இருந்தது. நம்ம ஊர்க் காக்கையைவிடச் சிறிய ஒரு காக்கை இனம் ஐரோப்பாவில் உண்டு. அந்த இனத்தைச் சேர்ந்தது இது. இதற்கோ நாளெல்லாம் அலைந்தால்தான் இரை. சில நாள் அதுவும் இல்லை.

"புறாவாப் பொறந்திருந்தா வயிறு காயாதே" என்று யோசித்தது. யோசித்து, தன் உடம்பு முழுக்க வெள்ளையைப் பூசிக்கொண்டு புறாக்களோடு புறாவாகக் கூட்டுக்குள் நுழைந்துவிட்டது. புறாக்களும் தங்களில் ஒன்று என்று நினைத்து இடம் கொடுத்தன. வாயைத் திறக்காமல் இருந்தவரை ஒரு குறையுமில்லை. தின்றது, தூங்கியது, தின்றது.

எத்தனை நாளைக்குத்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? ஒரு நாள் தன்னை மறந்து கத்திவிட்டது. புறாக்கள் திரும்பிப் பார்த்தன. "இது நம்ம குரல் இல்லையே!" என்று எல்லாமாகச் சேர்ந்து கொத்தி விரட்டின.

சரி, நம்ம கூட்டத்துக்கே போவோம் என்று காக்கைகளிடம் திரும்பிப் போனது. அங்கே என்ன நடந்தது தெரியுமா? உடம்பெல்லாம் வெள்ளையாக இருந்ததால் சொந்தக் காக்கைகளுக்கே அதை அடையாளம் தெரியவில்லை. அவையும் கொத்தி விரட்டின. புறாவாகவும் இருக்க முடியாமல், காக்கையாகவும் இருக்க முடியாமல் அது நடுவெளியில் நின்றது.

கதை இவ்வளவுதான்.

கதையைச் சொன்னவர் யார்?

இந்தக் கதை ஈசாப் என்பவர் பெயரால் வழங்குகிறது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க நாட்டில் வாழ்ந்தவர். ஹெரோடோட்டஸ் என்ற பழைய கிரேக்க வரலாற்றாசிரியர், ஈசாப் சாமோஸ் என்ற தீவில் ஒருவருக்கு அடிமையாக இருந்தவர் என்று எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கதைகளை லத்தீன் மொழியில் பாட்டாக எழுதிய பீட்ரஸ் என்பவர் கி.பி. முதலாம் நூற்றாண்டுக்காரர். அவரும் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்தான். மனதில் உள்ளதை எஜமான் முன்னால் நேராகச் சொல்லப் பயந்த அடிமைகள்தான் அதை மிருகங்களின் கதையாக மாற்றிச் சொன்னார்கள் என்று அவர் ஓரிடத்தில் விளக்கியிருக்கிறார்.

இது நமக்குப் புதிதா? நமது பாட்டிமார் கொழுந்து மலையில் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் பாட்டிலே வைத்துத்தானே கிண்டல் செய்தார்கள்! நேரே சொன்னால் அன்றைய பேர் போய்விடும். பாட்டாகச் சொன்னால் யாரைச் சொன்னது என்று யார் கேட்க முடியும்? ஆகவே ஈசாப்பை நாம் தூரத்து ஆள் என்று நினைக்கத் தேவையில்லை.

இதே சாயலில் இன்னொரு ஈசாப் கதையும் உண்டு. பறவைகளுக்கு ராஜாவைத் தெரிவு செய்யப்போகிறேன் என்று கிரேக்கர்களின் கடவுளான சேயுஸ் அறிவித்தாராம். அதே காக்கை, மற்றப் பறவைகளிடமிருந்து உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கி உடம்பெங்கும் செருகிக்கொண்டு போய் நின்றது. பார்க்க அதுதான் மிக அழகு. பட்டம் கிடைக்கப்போகும் நேரத்தில் ஒவ்வொரு பறவையும் வந்து தன் தன் இறகைப் பிடுங்கிக்கொண்டது. கடைசியில் மிஞ்சியது பழைய காக்கை.

நமது பக்கத்திலும் இப்படிக் கதைகள் இருக்கின்றன. பஞ்சதந்திரத்தில் சாயத் தொட்டியில் விழுந்து நீல நிறமான நரி, காட்டுக்கு ராஜாவாகி, மற்ற நரிகள் ஊளையிடக் கேட்டுத் தானும் ஊளையிட்டு மாட்டிக்கொண்டது. புத்தர் பெருமானின் முற்பிறப்புக் கதைகளான ஜாதகக் கதைகளில், சிங்கத் தோல் போர்த்திய கழுதை ஒன்று வயலில் மேய்ந்தது. அதுவும் கத்தித்தான் அகப்பட்டது. காக்கை, நரி, கழுதை மூன்றையும் காட்டிக்கொடுத்தது குரல்தான். உடம்பை மறைத்துவிடலாம், பேச்சை மறைப்பது கஷ்டம் என்று நாட்டுக்கு நாடு மனிதர்கள் கண்டு வைத்திருக்கிறார்கள்.

எப்படிப் படிக்கக்கூடாது?

இந்தக் கதைக்குப் பள்ளிக்கூடப் புத்தகங்களில் ஒரு நீதி போடுவார்கள். "இருப்பதைக் கொண்டு திருப்திப்படு, உன் நிலையை மீறி ஆசைப்படாதே" என்பது அது. இதைப் போன்ற ஒரு கதையைப் பீட்ரஸும் ஏறக்குறைய அப்படித்தான் முடித்தார்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்கு ஆபத்து. ஏனென்றால் இதே நீதியைத்தான் நமது மக்களுக்கு எத்தனையோ காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். "கொழுந்தெடுக்கிறவ மகளுக்கு எதுக்குப் படிப்பு?" "கவ்வாத்து வெட்டுறவன் மகனுக்கு எதுக்குச் சப்பாத்து?" இப்படிக் கேட்டவர்கள் தோட்டத்துக்கு வெளியேயும் இருந்தார்கள், உள்ளேயும் இருந்தார்கள். காக்கை நல்ல சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டது பிழை என்று நாம் சொல்ல மாட்டோம். பசித்த வயிறு உணவைத் தேடத்தான் செய்யும். நமது பிள்ளை நல்ல உடுப்பு உடுத்துவதோ, சிங்களமும் ஆங்கிலமும் கற்பதோ, கொழும்பில் வேலை தேடுவதோ வேடம் அல்ல. அது அவர்களின் உரிமை.

அப்படியானால் காக்கைக்கு எங்கே பிசகியது? அது தன்னை யாரென்று சொல்லாமல் நுழைய வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டே வாழ வேண்டியிருந்தது. காக்கையாக வந்தால் புறாக்கள் இடம் கொடுத்திருக்குமா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடப் புத்தகம் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

இரண்டு தரம் விரட்டப்பட்டது

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலத் தூரத்தில் உள்ள ஒரு தோட்டத்தில் இந்தக் கதையை வாசித்தோம். வாசித்து முடித்ததும் எல்லோரும் காக்கையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டார். அவர் சொன்னதை அவருடைய அனுமதியோடு, பெயர் போடாமல் இங்கே தருகிறோம்.

அவருடைய மூத்த மகள் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறாள். கெட்டிக்காரி. மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புவாள். ஒரு நாள் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் மகளைப் பார்க்கப் போனார். கையில் ஒரு உரப்பை. அதற்குள் லயத்துக் காணியில் விளைந்த கரட்டும் லீக்சும், ஒரு பார்சல் தேயிலைத்தூளும், இடித்த கொச்சிக்காய்ச் சம்பலும் இருந்தன. கடை வாசலில் நின்று மகளைக் கேட்டார். முதலாளியின் மனைவி மகளைக் கூப்பிட்டு, "இது யாரு?" என்று கேட்டார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "ஊர்ல எங்க பக்கத்து வீட்டு அம்மா" என்றாள்.

அந்த இடத்தில் அந்தத் தாய் என்ன செய்தார் தெரியுமா? கோபப்படவில்லை, அழவில்லை. பையை ஒரு ஓரமாக வைத்தார். "உங்க அம்மா குடுத்துவிட்டாங்க, அப்ப நான் வர்றேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து ரயில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது என்றார்.

"புள்ள மேல எனக்குக் கோவம் இல்ல. அவ கண்டின்னு சொல்லித்தான் அந்த வேலைக்குச் சேந்தா. தோட்டம்னு சொன்னா ரூம் கூடக் குடுக்க மாட்டாங்களாம். ஒரு நாள் வாய் தவறிக் காம்பரான்னு சொல்லிட்டாளாம், கூட வேலை செய்யிற புள்ளைங்க தோட்டக்காட்டான் பேச்சுன்னு ரெண்டு நாளு சிரிச்சுதுகளாம். அவ என்ன செய்வா?"

சபையில் ஒரு சத்தமும் இல்லை. அந்தம்மா மேலும் சொன்னார்.

"அந்த வருஷம் தீபாவளிக்கு வந்தா. முடிய நீட்டா வெட்டியிருந்தா, காலுக்குச் சப்பாத்து. பேச்சும் கொஞ்சம் மாறித்தான் போச்சு. நம்ம லயத்துல என்ன செஞ்சீங்க? 'கொழும்பு மிஸ் வந்துட்டாங்க, இஸ்தோப்பக் கூட்டுங்க'ன்னு சத்தம் போட்டீங்க. பீலியடிக்குத் தண்ணிக்குப் போனா அங்கயும் சிரிப்பு. ரெண்டு நாள் இருக்க வந்த புள்ள மறுநாளே போயிட்டா. அதுக்குப் பொறகு ரெண்டு தீபாவளிக்கு வரல. நீங்க வாசிச்ச கதையில அந்தக் காக்காய ரெண்டு தரம் வெரட்டுனாங்க. மொதத் தரம் வெரட்டுனது புறா. ரெண்டாந்தரம் வெரட்டுனது யாரு?"

இதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கே கதையின் இரண்டாம் பாதி விளங்கியது. முதல் பாதிக்கு மட்டும் நீதி சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் நாமும் தயாரித்துக்கொண்டு போயிருந்தோம். புறாக்கள் விரட்டியதற்காவது ஒரு நியாயம் சொல்லலாம், குரல் வேறு. சொந்தக் காக்கைகளுக்கு என்ன நியாயம்? அந்தக் குரல் அவற்றின் குரல்தானே! நிறத்தைப் பார்த்தன, குரலைக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து வயதான ஒரு அக்கா எழுந்தார். "இஸ்தோப்பக் கூட்டச் சொன்னது நாந்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, உட்கார்ந்துவிட்டார். அது போதும் என்று எங்களுக்குப் பட்டது.

ஹட்டனில் வேறொரு வேடம்

வேடம் போட்டவர் எல்லோருமே தன்னவரை மறைக்கத்தான் போட்டார்களா? இல்லை. தன்னவரல்லாத மக்களிடம் போய்ச் சேர்வதற்காக ஒருவர் வேடம் போட்டார். அவரை ஹட்டன் நன்றாக அறியும்.

கோ. நடேசய்யர் 1887 இல் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். அவர் இலங்கைக்கு வந்த காலத்தில் தோட்டங்களுக்குள் வெளியாள் லேசில் நுழைய முடியாது. துரையின் அனுமதி வேண்டும். தொழிலாளியின் நிலைமையைப் பார்க்க வந்தேன் என்றால் எந்தத் துரை அனுமதி கொடுப்பார்? ஆனால் புடவை வியாபாரி வரலாம், போகலாம். நடேசய்யர் புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார். லயங்களைப் பார்த்தார், மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார்.

அதோடு அவர் வேடம் முடிந்தது. கண்டதைப் பத்திரிகையில் எழுதினார். 'தேசபக்தன்' என்ற பத்திரிகையை நடத்தினார். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். ஹட்டன் அதன் மையமாக இருந்தது. 1936 இல் அரசாங்க சபைக்கு ஹட்டன் தொகுதியிலிருந்து தெரிவு செய்யப்பட்டு, 1947 வரை அங்கே இருந்தார். அந்த ஆண்டிலேயே காலமானார். அவருடைய மனைவி மீனாட்சியம்மையார் கூட்டங்களில் பாட்டுப் பாடி மக்களைக் கூட்டியவர். பெண்கள் மேடை ஏறத் தயங்கிய காலம் அது.

காக்கையின் வெள்ளையையும் நடேசய்யரின் புடவை மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேடம்தான். இரண்டும் மூடியிருந்த கதவுக்கு முன்னால் போட்ட வேடம். காக்கை உள்ளே போய் வாயை மூடிக்கொண்டது. நடேசய்யர் உள்ளே போய்வந்து வாயைத் திறந்தார். வேடத்தைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அதைப் போட்ட பிறகு நம் குரல் என்ன ஆகிறது?

கரிச்சானிடம் ஒரு பாடம்

நமது நாட்டிலேயே ஒரு பறவை இருக்கிறது. அது வேடம் போடாமலே பல குரலில் பேசும்.

இறக்குவானை, தெனியாயப் பக்கத்துத் தோட்டங்களில் சொந்தக்காரர் இருப்பவர்கள் சிங்கராஜா வனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் காட்டில் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடிப் போகும். அந்தக் கூட்டத்தில் கொண்டையுள்ள ஒரு கரிச்சான் உண்டு. இலங்கையில் மட்டுமே வாழும் பறவை. நாம் இரட்டைவால் குருவி, கரிக்குருவி என்கிறோமே, அந்தக் குடும்பம். நிறம் கறுப்பு. அந்தக் கறுப்பை அது மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் கற்று வைத்திருக்கும். தன் குரலோடு அந்தக் குரல்களையும் கலந்து கூப்பிடும். அதைக் கேட்டு மற்றப் பறவைகள் கூடும் என்று அங்கே ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

கூட்டம் சேர்ந்து போகும்போது இலை மறைவிலுள்ள பூச்சிகள் கலையும், கரிச்சானுக்கு இரை கிடைக்கும். வல்லூறு வந்தால் கரிச்சான் சத்தம் போட்டு எச்சரிக்கும், மற்றவை தப்பும். இருவருக்கும் நன்மை.

நமது பிள்ளைகள் மூன்று மொழியும் கற்கட்டும். கடையில் சிங்களத்தில் விலை சொல்லட்டும், அலுவலகத்தில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதட்டும். வீட்டுக்கு வந்தால் காம்பரா என்றும் இஸ்தோப்பு என்றும் கூசாமல் பேசட்டும். இந்தச் சொற்கள் நாம் இந்த மலைக்கு வந்து உழைத்த கதையைத் தமக்குள் வைத்திருக்கின்றன. போர்த்துக்கேயர் சொல்லும் ஒல்லாந்தர் சொல்லும் நம் பாட்டன் வாயில் பட்டுத் தமிழாகிப் போனவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணக்கிலே நம் பெயர்

இதெல்லாம் வீட்டுச் சங்கதிதானே, இதில் பெரிதாக என்ன போய்விட்டது என்று சிலர் கேட்கலாம். பெரிதாகவே ஒன்று இருக்கிறது.

நமது பெயர் நம் கையில் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று இரண்டு நாடுகள் உட்கார்ந்து பங்கு பிரித்தன. நம்மை யாரும் கேட்கவில்லை. ஒரே லயத்தில் அண்ணன் கப்பலேற, தம்பி நின்றான். எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர 2003 ஆம் ஆண்டாகிவிட்டது.

இப்போது நமக்கு வாக்குரிமை இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. நாம் யார் என்று நாமே சொல்லலாம். ஆனால் சொல்கிறோமா? 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் என்ற பிரிவில் பதியப்பட்டவர்கள் நாட்டு மக்களில் நூற்றுக்கு 4.1. 2024 ஆம் ஆண்டின் மதிப்பில் அந்தப் பிரிவோடு மலையகத் தமிழர் என்ற பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் பங்கு நூற்றுக்கு 2.8 ஆகக் குறைந்திருக்கிறது. பிள்ளைப்பேறு குறைவது, வெளிநாடு போவது என்று இப்படிக் குறைய வேறு காரணங்களும் உண்டு. இலங்கைத் தமிழர் என்ற கட்டத்தில் அடையாளமிட்ட நம்மவர்களும் இருக்கிறார்கள்.

அப்படிப் போட்டவர்களை நாம் குறை சொல்லவில்லை. தன்னை என்ன பெயரால் அழைப்பது என்பது அவரவர் உரிமை. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர் தன்னை இலங்கைத் தமிழர் என்பதில் என்ன பிழை? ஆனால் வெட்கத்தால் ஒருவர் அப்படிப் போட்டிருந்தால், அங்கே யோசிக்க இடமுண்டு. எத்தனை பேர் இருக்கிறோம் என்ற கணக்கை வைத்துத்தான் காணியும், வீடும், ஆசிரியர் நியமனமும், தமிழ் தெரிந்த உத்தியோகத்தரும் கேட்க வேண்டியிருக்கிறது. கணக்கில் இல்லாதவருக்குக் கேட்க நாதியில்லை.

2023 இல் நம் மக்கள் இங்கே வந்து 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து போனார்கள். நம் முன்னோர் காடும் நோயும் பசியும் தாண்டி நடந்து வந்த பாதை அது. மலையகம் என்ற பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார்கள். வழியில் சிங்கள மக்களும் முஸ்லிம் மக்களும் கூட வந்து சேர்ந்தார்கள். அந்தக் குரல் யாரையும் விரட்டவில்லை, யாரும் அந்தக் குரலை விரட்டவும் இல்லை.

முடிவாக

புறாக்கூட்டின் கதவைத் திறப்பது ஒரு நாளில் நடக்கிற வேலையில்லை. கொழும்பில் அறை கொடுக்க மறுப்பவரையும், கடையில் சிரிப்பவரையும் நாம் இங்கிருந்து மாற்றிவிட முடியாது. அதற்குச் சட்டமும் வேண்டும், சங்கமும் வேண்டும், காலமும் வேண்டும். ஆனால் கதையின் இரண்டாவது விரட்டல் முழுக்க நம் கையில் இருக்கிறது. அதை இன்றைக்கே நிறுத்தலாம். திரும்பி வருகிற பிள்ளையின் முடியையும் உடுப்பையும் பார்க்காமல், "வா புள்ள, தேத்தண்ணி குடி" என்று சொன்னால் போதும். பூசிய வெள்ளை தானாகக் கழுவிப்போகும்.

அந்த அம்மாவின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மகள் அதே கடையில்தான் இருக்கிறாள். ஊர் எது என்று கேட்டால் இன்றும் கண்டி என்றுதான் சொல்கிறாளாம். ஆனால் கடந்த தைப்பொங்கலுக்கு லயத்துக்கு வந்து நான்கு நாள் இருந்தாள். யாரும் மிஸ் என்று கூப்பிடவில்லை. பின்வரிசை அக்கா தன் வீட்டுப் பொங்கலை ஒரு கோப்பையில் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பேசிப் பார்ப்போம்

1. காக்கை காக்கையாகவே வந்து இரை கேட்டிருந்தால் புறாக்கள் என்ன செய்திருக்கும்? நீங்கள் புறாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

2. உங்கள் வீட்டுப் பிள்ளை வெளியில் தன் ஊர்ப் பெயரை மறைக்கிறதா? ஏன் என்று கோபப்படாமல் கேட்டுப் பார்த்தீர்களா?

3. நகரத்திலிருந்து திரும்பி வந்த யாரையாவது நாம் கேலி செய்ததுண்டா? இப்போது அவர்கள் லயத்துக்கு வருகிறார்களா?

4. நமது லயத்துச் சொற்களில் உங்களுக்குப் பிடித்த பத்தைச் சொல்லுங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொள்ளட்டும். பாட்டிமாரைக் கேட்டால் இன்னும் கிடைக்கும்.

5. நடேசய்யரைப் போல ஒருவர் இன்று உங்கள் தோட்டத்துக்கு வியாபாரி வேடத்தில் வந்தால், அவருக்கு முதலில் எதைக் காட்டுவீர்கள்?

நான்காவது கேள்விக்கான சொற்களை எமக்கு எழுதி அனுப்புங்கள். வருகிற இதழ்களில் ஒவ்வொன்றாகப் பிரசுரிப்போம். மீண்டும் அடுத்த பாடத்தில் சந்திப்போம்.